பூட்டுக்கு ஒரு நியாயம், பாட்டுக்கு ஒரு நியாயமா?

மக்களே, இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. "தெருக்குரல் அறிவு பேண்டோட பாடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. தனியா வந்ததும் என் பேரு, என் பேருன்னு கிளம்பிட்டாரு." டீக்கடையிலயும் சொல்றாங்க, ஐடி கம்பெனி கேன்டீன்லயும் சொல்றாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போய்த்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 2017 கடைசியில பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஆரம்பிச்சது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பத்தொன்பது பேர். பறையும் சட்டியும் ஒரு பக்கம், கிடாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. பேரே அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்தின 'சாதியற்ற' என்கிற சொல்லில் இருந்து வந்தது. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. எங்க திண்டுக்கல் பக்கம் பல ஊர்ல திருவிழா மேடை மேல மெல்லிசைக் குழு, மேடைக்குக் கீழதான் பறை. அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு அந்தக் கச்சேரியோட அருமை தெரியும்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான் அறிவு. 2019ல ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். அப்புறம் சினிமா. 2021 மார்ச்ல 'எஞ்சாயி எஞ்சாமி', உலகம் பூரா ஓடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்துல தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' ரெண்டுலயும் அறிவோட வரிகள் இருக்கு. ஆனா ஆள் அட்டையில இல்லை. ரஞ்சித் வெளிப்படையா கேட்ட பிறகுதான் அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. 2022 ஜூலை, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுலயும் அறிவு இல்லாமலே பாட்டு நடந்தது. அவர் அப்போ அமெரிக்காவில் இருந்தார்.

மெட்டு, வரி, குரல் எல்லாம் என் உழைப்புன்னு அறிவு எழுதினார். மெட்டு கூட்டா உருவானது, உரிமையும் வருமானமும் மூணு பேருக்கும் சமபங்குன்னு சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். சரி, சந்தோஷ் சொன்னதையே முழுசா ஏத்துக்குவோம். மூணுல ஒரு பங்கு இருக்கிற ஆள் அட்டைப்படத்துல மட்டும் எப்படிங்க காணாமப் போவார்?

"டீம் ஒர்க் பாஸ்"னு சொல்ற சக பொட்டிதட்டிகளே, நம்ம புராஜெக்ட்டும் டீம் ஒர்க்தான். ஆனா எந்த வரியை யார் எழுதினாங்கன்னு ஒவ்வொரு கமிட்லயும் பேர் இருக்கு. அதை யாராவது அழிச்சா சும்மா விடுவீங்களா? அப்ரைசல் நேரத்துல மட்டும் "நான், நான்"னு பக்கம் பக்கமா எழுதுறோமே, அது என்ன கணக்கு? :-)

போலீஸ் பேண்டுல இருந்த ஸ்டிங் 1985ல தனி ஆல்பம் போட்டா அது வளர்ச்சி. அவ்வளவு தூரம் ஏன், நம்ம பழைய மதுரை ஜில்லா பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோட கம்யூனிஸ்ட் மேடை மேடையா ஊர் சுத்திட்டு, 1976ல 'அன்னக்கிளி'யில தனிப் பேர் வாங்கினார். அதைச் சாதனைன்னு கொண்டாடுறோம். அறிவு செஞ்சா மட்டும் தலைக்கனமா?

இன்னொரு விஷயம். தனியா வந்தவர் என்ன செஞ்சார்? 'அம்பாசா'ன்னு மறுபடியும் ஒரு பேண்டைத்தான் கட்டினார். 2024ல வந்த ஆல்பத்துக்கு வச்ச பேர் 'வள்ளியம்மா பேராண்டி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுத் திரும்பின பாட்டி பேர் முன்னாடி, அவர் வெறும் பேராண்டி. இதுவா தலைக்கனம்? பேர் அழிஞ்சா என்ன ஆகும்னு தலைமுறை தலைமுறையா பார்த்த வீட்டுப் பிள்ளை, தன் பேரைக் கேட்டு வாங்குது. அம்புட்டுதான்.

2019ல எங்க ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம் பழநி பஞ்சாமிர்தத்துக்கும். எங்கேயோ செஞ்ச பூட்டை திண்டுக்கல் பூட்டுன்னு விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுக் காப்பாத்துறோம். ஊர்ல கைதட்டாத ஆள் இல்லை. இரும்பை அடிச்சவனுக்குப் பேர் முக்கியம்னா, பாட்டைக் கட்டினவனுக்கும் முக்கியம்தான்.

டிஸ்கி: தீயோட குரல் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். கேள்வி அவங்ககிட்ட இல்லை, அட்டை போட்டவங்ககிட்டயும் அதைக் கண்டுக்காத நம்மகிட்டயும்தான். கும்மி அடிக்க வர்றவங்க தாராளமா வாங்க, பதிலோட வாங்க.