சந்தை நாளும் பாடம்தான்

அன்புப் பெற்றாரே,

"மாதாமாதம் விழாவா? எப்போது படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள்.

மாணவர் சந்தையன்று தரம் 5 பிள்ளைகள் பலரை வீட்டில் மறித்து, கடந்தகால வினாத்தாள் செய்ய வைத்தீர்கள். வந்திருந்த தரம் 3 பிள்ளையொன்று வல்லாரை விற்று, சரியாக மீதிக்காசு எண்ணிக் கொடுத்தது. சிங்களத்தில் விலை கேட்டவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னது. கணிதம், சுற்றாடல், இரண்டாம் மொழி எல்லாம் ஒரே காலையில்!

2024இல் புலமைப்பரிசில் வினாக்கள் கசிந்து, பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பரீட்சையை அவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்தது யார்? நீங்கள் மட்டுமல்ல, தரம் 3இலேயே மாதிரி வினாத்தாள் நீட்டிய ஆசிரியர்களாகிய நாங்களும்தான்.

நாங்கள் திருந்துகிறோம். அடுத்த சந்தைக்குத் தரம் 5 பிள்ளைகளையும் அனுப்புங்கள். வினாத்தாளை மறுநாள் செய்யலாம்.