கிளாப் அடிக்காத படம்

இரண்டு மரக்கட்டைகள் மோதிக்கொள்ளாததால் டப்பாவுக்குள் போன ஒரு படம் வெளியே வர 46 ஆண்டுகள் ஆயின. படத்தின் பெயர் ‘அமேசிங் கிரேஸ்’. பாடியவர் அரீதா ஃபிராங்க்ளின். இசையைத் திரையில் காட்டுவதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படமும், அன்று யாரும் அடிக்காமல் விட்ட அந்தக் கிளாப்பும்தான்.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். நம்மூரில் தியேட்டர் கல்யாண மண்டபமாவதைப் போல, ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் அங்கே தேவாலயமாகியிருந்தது. அரீதாவுக்கு அப்போது வயது 29. 1967இல் வந்த ‘ரெஸ்பெக்ட்’ அவரை சோல் இசையின் அரசியாக்கியிருந்தது. அவருடைய அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரத்தில் பெயர்பெற்ற பிரசங்கியார். சிறுவயதில் அப்பாவின் சபையில் பாடிய காஸ்பெல் இசைக்குத் திரும்பிவந்து, சபையார் முன்னிலையில் பாடி, அதை அப்படியே இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்பது அவர் விருப்பம். பியானோவில் போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். பின்னால் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி பாடகர் குழு. ஒலிப்பதிவுக்கு அட்லாண்டிக் நிறுவனம் வந்திருந்தது. படம்பிடிக்க வார்னர் நிறுவனம் அனுப்பியவர் சிட்னி பொல்லாக்.

பொல்லாக் கதைப்படக்காரர். பிறகு ‘டூட்ஸி’, ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’ எல்லாம் எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். அன்றைக்கு இருந்த முறையில் படம் ஒரு சுருளில், சத்தம் தனியாக ஒரு டேப்பில் பதிவாகும். கிளாப் கட்டை மோதும் கணம் படத்தில் கண்ணுக்குத் தெரியும், டேப்பில் காதுக்குக் கேட்கும். அந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துவிட்டால் பிறகு உதடும் குரலும் ஒன்றாக ஓடும். 16 மி.மீ. கேமராவில் ஒரு 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பல கேமராக்கள், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நின்று நின்று ஓடியவை. எதற்கும் கிளாப் இல்லை. ஏறக்குறைய 20 மணி நேரப் படம் கையில் இருந்தது. எந்த வாய் எந்தச் சொல்லைப் பாடுகிறது என்று சேர்த்துத் தைக்க முடியவில்லை. வார்னர் நிறுவனம் கைகழுவிவிட்டது.

இசைத்தட்டுக்கு அந்தக் கதி இல்லை. அதே ஆண்டு இரண்டு தட்டுகளாக வெளிவந்து இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. அரீதாவின் வாழ்நாளில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். பாட்டு முழுசாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியிருக்க, படம் எதற்கு? சுலபமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு எல்லா இசைப்படங்களும் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை சொல்வதில்லை. பாடுகிறவரை நாலு கோணத்தில் காட்டிவிட்டு, ஒலிப்பதிவில் ஏற்கெனவே இருந்ததையே இன்னொரு முறை விற்கின்றன.

‘அமேசிங் கிரேஸ்’ பதில் சொல்கிறது. ஆலன் எலியட் என்ற இசைத் தயாரிப்பாளர் 2007இல் அந்தச் சுருள்களை விலைக்கு வாங்கினார். கணினி வந்த பிறகு, கிளாப் இல்லாமலே படத்தையும் குரலையும் பொருத்த முடிந்தது. அப்படிப் பொருத்திய படத்தில் அரீதா பேசுவது மிகக் குறைவு. சிரிப்பதும் அதிகமில்லை. முகமெல்லாம் வியர்வை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நம் கண் நிலைகொள்வது அவரைச் சுற்றியிருப்பவர்கள்மேல். தலைப்புப் பாட்டு நடக்கும்போது கிளீவ்லண்ட் பியானோவை விட்டு எழுந்துபோய், முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். ஆயிரம் மேடை கண்ட மனிதர், பாட்டை நடத்த வந்தவர், நடத்த முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார். பாடகர் குழு தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. இருக்கையிலிருந்து துள்ளி எழுகிறது. இரண்டாம் இரவு அப்பா ஃபிராங்க்ளின் எழுந்துவந்து, பியானோவில் இருக்கும் மகளின் முகத்து வியர்வையைத் துடைத்துவிடுகிறார். உலகத்துக்கே அரசியான பெண் அந்தக் கணத்தில் அப்பாவின் பிள்ளை. கடைசி வரிசையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் சாதாரண ஜனங்களோடு ஜனங்களாக நிற்கிறார்கள்.

இவற்றில் ஒன்றும் இசைத்தட்டில் இல்லை. தட்டில் கைதட்டலும் கூவலும் கேட்கும். ஆனால் யார் கூவினார்கள், எதைக் கேட்டு உடைந்தார்கள் என்று தெரியாது. பாட்டைத் தருவது ஒலிப்பதிவின் வேலை. அந்தப் பாட்டு ஒரு மனிதருக்குள் போய் என்ன செய்தது என்று காட்டுவது படத்தின் வேலை.

இதை மிக முன்பே புரிந்துகொண்டவர் டி.ஏ. பென்னபேக்கர். 1967 ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த மான்டெரே விழாவைப் படமெடுத்தவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்தது அந்த மேடையில்தான். அந்தத் தீயோடு படத்தை முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பென்னபேக்கர் கடைசி இடத்தை ரவிசங்கரின் சிதாருக்கும் அல்லா ரக்காவின் தபேலாவுக்கும் கொடுத்தார், ஏறத்தாழ 18 நிமிடம். அதிலும் தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு ரவிசங்கரையே காட்டவில்லை. சிதார் ஒலிக்கிறது, கேமரா கூட்டத்தில் திரிகிறது. அசந்து கிடப்பவர்கள், பூ வைத்துக்கொண்டவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். மெல்ல மெல்ல அந்த முகங்கள் கூர்மையாகின்றன. ஹென்ட்ரிக்ஸும் அங்கே ஒரு ரசிகராக உட்கார்ந்திருக்கிறார். அசந்து கிடந்த ஒரு கூட்டம், எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் கூட்டமாக மாறுவதுதான் அந்தக் காட்சியின் கதை.

மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ நேரெதிர். 1976 நவம்பர் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லாண்ட் அரங்கில் ‘தி பேண்ட்’ குழு நடத்திய விடைபெறும் கச்சேரி. எந்தப் பாட்டின் எந்த வரிக்கு எந்த கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்று ஸ்கார்செசி முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். ஆனால் அந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சி திட்டத்தில் இல்லாதது. மடி வாட்டர்ஸ் ‘மேனிஷ் பாய்’ பாட வரும்போது மற்ற கேமராக்கள் எல்லாம் சுருள் மாற்ற நின்றிருந்தன. ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான லாஸ்லோ கோவாக்ஸ், இயக்குநர் காதில் ஓயாமல் உத்தரவு போடுவது பொறுக்காமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாராம். நிறுத்தச் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. அவர் கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டே இல்லாமல் நீளும் அந்த ஒற்றைப் பார்வைதான் இன்று நம்மிடம் இருக்கிறது. இயக்குநர் பேச்சைக் கேட்காத ஒருவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் சங்கதி.

கூட்டத்தைக் காட்டினால்தான் ஆயிற்றா என்று கேட்கலாம். ஜோனதன் டெம்மியின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படத்தில் ரசிகர்கள் கடைசியில்தான் தலைகாட்டுகிறார்கள். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேண்டேஜஸ் அரங்கில் எடுத்தது. பாடகர் டேவிட் பைர்ன் ஒரு கிட்டாரும் டேப் ரிக்கார்டருமாகத் தனியே வருகிறார். பாட்டுக்கு ஒருவராக மற்றவர்கள் சேர்கிறார்கள். டெம்மி அவசரப்படாமல் அவர்கள் முகங்களில் தங்குகிறார். ஒருவர் வாசிப்பை இன்னொருவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது தெரிகிறது. அங்கே கேட்பவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். ஆக, விதி மாறவில்லை.

கிளாப்புக்குத் திரும்புவோம். உதடும் குரலும் பொருந்தவில்லை என்பதற்காக அமெரிக்காவில் ஒரு படமே முடங்கியது. நமக்கு அது கொஞ்சம் வேடிக்கைதான். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாட்டோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாம். ஒருவர் வாயசைப்பார், இன்னொருவர் பாடுவார், படம் பார்க்கிறவருக்கு இருவரையும் தெரியும், யாருக்கும் வருத்தமில்லை. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கழுத்து நரம்பும் கன்னமும் நாகஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜியுடையவை. மோகனாம்பாள் ஆடும்போது சிக்கல் சண்முகசுந்தரமும் அவர் குழுவும் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆடுவது பத்மினி, பாடுவது பி. சுசீலா. ஒரே பாட்டுக்குள் இரண்டு பேர். பொருத்தம் என்று பார்த்தால் அத்தனையும் ஜோடனை. ஆனால் தூணுக்குப் பின்னால் நிற்கும் அந்த முகம் இருக்கிறதே, கர்வமும் ரசனையும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும் அந்த முகம், அதை யாரும் இரவல் கொடுக்க முடியாது. பாடுவதற்குப் பின்னணி உண்டு. வாசிப்பதற்கும் உண்டு. கேட்பதற்குப் பின்னணி கிடையாது. அதை அவரவர் முகத்தால்தான் செய்தாக வேண்டும்.

அதனால்தான் சில இழப்புகள் உறைக்கின்றன. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இசைத்தட்டில் இன்றும் இருக்கிறது. அவர் நடித்து எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ 1940இல் வந்தது. இன்று பிரதி இல்லை. அவரைக் கேட்க ராத்திரி முழுக்க வீதியில் நின்ற கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோடி கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் முகம் கிடைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அரீதா உயிரோடிருந்தவரை ‘அமேசிங் கிரேஸ்’ வெளிவர விடவில்லை. 2011இல் வழக்குப் போட்டார். 2015இல் டெல்லுரைடு விழாவில் திரையிட இருந்ததை நீதிமன்றம் மூலம் நிறுத்தினார். படத்தின்மேல் அவருக்குக் குறையில்லை. தன் அனுமதி இல்லாமல் தன்னைக் காட்டக் கூடாது என்பதே வழக்கு. 2018 ஆகஸ்ட் 16 அன்று அவர் மறைந்த பிறகு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு அந்த ஆண்டு நவம்பரில் படம் வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. குரலை விற்ற ஒருவர் வியர்வையையும் சேர்த்து விற்றதாக எடுத்துக்கொள்ள முடியாது. படத்தை நான் ரசிக்கிறேன், அந்தச் சங்கடத்தையும் கழற்றி வைக்க முடியாமல்தான்.

இப்போது நம் மார்கழிக் கச்சேரிகளுக்கு வருவோம். ஒலிபெருக்கியைவிட அதிகமாகக் கேமராக்கள் சபாவுக்குள் வந்துவிட்டன. இணையத்தில் நேரலை ஓடுகிறது. போன சீசனில் அப்படி ஒன்றை வீட்டிலிருந்து பார்த்தேன். பாடகி நிரவலில் ஏறிக்கொண்டிருந்தார். வயலின்காரர் ஒரு பிடியை வாங்கித் திருப்பிக் கொடுத்த நேரத்தில் கேமரா மேடைப் பின்னணியில் இருந்த விளம்பரதாரர் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் மோராவுக்கு வரும்போது திரையில் கடம். பிறகு முன்வரிசையில் ஒரு பிரமுகர், கச்சேரியைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தபடி.

நேரலை நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் சின்னதுதான். ஒரு கேமராவைப் பாடகர்மேல் வையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? இன்னொன்றைப் பக்கவாத்தியக்காரர் முகத்தில் பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். அவர் எப்போது புன்னகைக்கிறார், எந்த இடத்தில் புருவத்தைத் தூக்குகிறார் என்று பார்த்தாலே கச்சேரி எப்படிப் போகிறதென்று தெரிந்துவிடும். மூன்றாவதைப் பார்வையாளர் பக்கம் திருப்புங்கள். பிரமுகரைத் தாண்டி, ஏழாவது வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உலகத்தை மறந்திருப்பவரிடம், அவர் சம்மதத்தோடு. பக்கத்து இருக்கையில் ஒருவர் தூங்குவது தெரிந்தால் அதையும் வெட்ட வேண்டாம். அதுவும் அன்றைய கச்சேரியைப் பற்றிய ஒரு விமர்சனம்தானே.