அரை அங்குலக் கருங்கல்

வீட்டு வாசலில் கருங்கல் பாவ வேண்டுமென்றால் முன்பெல்லாம் பெரிய ஏற்பாடு. கல்லுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வண்டி வர வேண்டும். கல்தச்சர் வந்து உட்கார வேண்டும். உளிச் சத்தத்தில் அண்டை வீட்டார் ஒரு வாரம் பகல் தூக்கத்தை இழக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. காலையில் நாலு பேர் வருகிறார்கள். ஏற்கெனவே கிடக்கும் சிமெண்டுத் தளத்தின்மேல் அரை அங்குலக் கனத்துக்கு ஒரு கலவையைப் பரப்புகிறார்கள். அது இறுகுவதற்குள் ரப்பர் போன்ற அச்சுப் பாய்களை விரித்து, மேலே ஏறி மிதித்து, கட்டையால் தட்டுகிறார்கள். பாயைத் தூக்கினால் கருங்கல்! கருங்கல் பிடிக்காதவர்களுக்குச் செங்கல். அதுவும் பிடிக்காவிட்டால் மரப் பலகை, ரேகை முதற்கொண்டு.

இதற்கு 'ஸ்டாம்ப்டு ஓவர்லே' என்று பெயர். நாம் அச்சுப் பூச்சு என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் புதிய பங்களாக்களின் கார்ப் பாதையில் தொடங்கி, இன்று பழைய வீடுகளின் வாசலுக்கும் இது வந்துவிட்டது. இந்தப் பூச்சோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குச் சிமெண்டில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேஷம் போடுகிறவர்களைப் பற்றி எழுதியே வயிறு வளர்ப்பவனுக்கு வேஷம் போடும் தரையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். அது லேசான வாதம் இல்லை. "கல்லைப் போல் தோன்றினால் என்ன பாவம் வந்துவிட்டது? சிமெண்டு பிறந்ததே அப்படித்தானே?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824ஆம் ஆண்டில் தம்முடைய சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் வாங்கியபோது, அதற்கு 'போர்ட்லாண்டு சிமெண்டு' என்று பெயர் வைத்தார். அந்த நாட்டில் பேர்பெற்ற போர்ட்லாண்டுக் கல்லைப் போல் அது தோன்றும் என்பதுதான் காரணம். ஆக, மூட்டையில் எழுதியிருக்கும் பெயரே ஒரு போலிக் கல்லின் பெயர்!

நம் ஊர்ச் சான்றும் காட்டுகிறார்கள். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கூரைக் குடிசையின் உருவத்தில் நிற்கும் கல். ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கல்லை மரச்சட்டமாகவும், சட்டத்தில் அடித்த ஆணியாகவும் சிற்பி இழைத்திருக்கிறான். கல் மரமாக வேஷம் போடலாம், சிமெண்டு கல்லாக வேஷம் போடக்கூடாதா?

தாராளமாகப் போடலாம். வேஷத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சைப் பற்றியும் இல்லை. ஆத்தங்குடிக் கல்லும் அச்சில் பிறந்ததுதான். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். காவித் தரை போட்ட நம் கொத்தனார்கள்கூட ஈரத் தளத்தில் நூலை அழுத்திக் கட்டம் போட்டார்கள். ஒரே தளம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

என் வழக்கு வேறு. ஆவுடையார்கோயில் கொடுங்கை மரமாகத் தோன்றினாலும் அடிமுதல் நுனிவரை கல். பார்ப்பதற்கு எளிய பொருளாகவும், உள்ளே அதைவிட உறுதியான பொருளாகவும் அது இருக்கிறது. அச்சுப் பூச்சு இதைத் தலைகீழாக்குகிறது. மேலே ஆயிரம் ஆண்டு நிற்கும் பாறையின் முகம். அடியிலோ விரிசல் விட்ட, எண்ணெய் ஊறிய, ஒரு பக்கம் அமிழ்ந்த பழைய தளம். அந்தத் தளத்தைச் செப்பனிடாமல் தப்பித்துக்கொள்வதற்காகவே இதைப் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். விற்கிறவர்களும் அதற்காகவே விற்கிறார்கள். எந்த நோய்க்கு இது மருந்தாகவே முடியாதோ அந்த நோய்க்கு மருந்தென்று விற்பதுதான் அக்கிரமம்.

இந்தக் கலை அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் 1950களில் இதைத் தொடங்கி வைத்தார். அவர் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய கான்கிரீட், நாலு அங்குலமோ ஐந்து அங்குலமோ, இறுகுவதற்கு முன் அதன் உடம்பிலேயே அச்சைப் பதிப்பது அந்த முறை. தளம் வேறு, அலங்காரம் வேறு என்று அங்கே இல்லை. இரண்டும் ஒரே நாளில் பிறந்த ஒரே உடம்பு. மேல்பூச்சு என்பது பின்னால் வந்த கிளை. கால் அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரையுள்ள ஒரு தோல். அந்தத் தோல் பழைய தளத்தைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ வேண்டும். பிடிப்புக்காகச் சிமெண்டில் பாலிமர் என்ற செயற்கைப் பிசின் கலக்கிறார்கள். நல்ல சரக்குத்தான். ஆனால் பிடித்துக்கொள்ள அடியில் உறுதியான ஏதாவது இருக்க வேண்டுமே!

பழைய தளத்தின்மேல் புதுக் கலவை ஒட்டுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஊர்ச் சித்தாளுக்குக்கூடத் தெரியும். கொத்திவிட வேண்டும். தூசி போகக் கழுவ வேண்டும். சிமெண்டுப் பால் தெளிக்க வேண்டும். அமெரிக்கர்கள் கொத்துவதற்குப் பதிலாக இரும்புக் குருணைகளை வேகமாக அடித்தோ, இயந்திரத்தால் தேய்த்தோ முகத்தைச் சொரசொரப்பாக்குகிறார்கள். எண்ணெய்க் கறையை எடுக்கிறார்கள். அடி மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஓதம் ஏறும் தளத்தில் மேல்பூச்சு கொப்புளித்துப் பெயரும். மினுமினுப்பு மருந்து வெளுத்துப் பாலாடை படர்ந்ததுபோல் ஆகும். தளத்தில் ஏற்கெனவே விட்டிருக்கும் இணைப்பு இடைவெளிகளை மேல்பூச்சிலும் அதே இடத்தில் வெட்டிவிட வேண்டும். அசைகிற விரிசல் இருந்தால், அது அசைவதன் காரணத்தை முதலில் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும். இத்தனையும் செய்து, நல்ல தளத்தின்மேல் போட்ட பூச்சு பல ஆண்டு நிற்கும். நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல தளம் வைத்திருப்பவன் எங்கே இதைத் தேடிப் போகிறான்?

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் போனார். அவர் வீட்டு வாசல் தளத்துக்கு இருபத்தைந்து வயது. கேட்டிலிருந்து படிக்கட்டு வரை ஒரு விரிசல். பேத்தியின் நிச்சயதார்த்தம் வந்தது. படப் புத்தகத்தோடு ஒரு காண்டிராக்டர் வந்தார்.

"ஐயா, இதை உடைச்சா ரெண்டு லோடு இடிபாடு வரும். எங்கே கொண்டுபோய்க் கொட்டறது? மேலேயே போட்டுடலாம். விரிசல் தெரியவே தெரியாது."

இருக்காது என்று அவர் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னார். கணக்கு வாத்தியார் இதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வழக்கமாக வரும் கிழக் கொத்தனார் மட்டும், "அடியிலே மண்ணு உக்காந்திருக்குங்க ஐயா. மேலே என்ன பூசினாலும் அது திரும்ப வரும்" என்று சொல்லிப் பார்த்தார். களிமண் தரை. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பெரியவர் பேச்சு யார் காதில் விழுந்தது?

நிச்சயதார்த்தம் ஜோராக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் தரையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். ஐப்பசி மழை வந்தது. விரிசலும் வந்தது. உண்மையாகக் கல் பாவிய தரையில் விரிசல் கண்டால் அது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நெளிந்து போகும். இங்கே பத்துக் 'கற்களின்' நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரே கோடாகப் போயிற்று. அதைப் பார்க்கும் சிறு குழந்தைக்குக்கூட அது கல் இல்லை என்று தெரியும். ஒட்டுப் போட்டார்கள், ஒட்டின் வர்ணம் பழைய வர்ணத்தோடு சேரவில்லை. காசை வைத்துத் தட்டினால் பல இடங்களில் பொள்ளென்று சத்தம் கேட்டது. தளம் அரை அங்குலம் உயர்ந்தபோது வாட்டத்தை யாரும் பார்க்கவில்லை. தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் நிலைப்படியை நோக்கி நடந்தது.

இதெல்லாம் பணத்தோடு போகும் நஷ்டம். பணத்தோடு போகாத ஒன்றும் உண்டு. வர்ணம் போகாமலிருக்க மேலே ஒரு அக்ரிலிக் மினுமினுப்பு பூசுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். நனைந்தால் அது வழுக்கும். வழுக்காமலிருக்க அதிலேயே நுண்ணிய மணியைக் கலக்கலாம். மினுமினுப்புக் குறையும் என்று பலர் கலப்பதில்லை. நம் வீடுகளில் வாசல் தினமும் விடியற்காலையில், இருட்டில், தண்ணீர் தெளித்து நனைக்கப்படும் இடம். தெளிக்கிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். ஆசிரியரின் மனைவிக்கு அறுபத்தெட்டு வயது. மார்கழியில் வாளியோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

கோலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாணம் தெளித்த மண்ணில் மாவு பிடிக்கும். சாதாரணச் சிமெண்டிலும் சுமாராகப் பிடிக்கும். இந்தப் பளபளப்பில் மாவு நிற்பதில்லை, காற்றோடு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, போலிக் கல்லின் போலிச் சந்துகளில் கோலத்தின் இழை விழுந்து அறுந்துபோகிறது. 'அதற்குத்தான் ஒட்டுக் கோலம் விற்கிறதே' என்பார்கள். ஆமாம், விற்கிறது. போலித் தரைக்குப் போலிக் கோலம்.

இன்னொரு பழியையும் இதன்மேல் போடலாமா என்று யோசித்தேன். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதையும், 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு குடத்தோடு அலைந்ததையும் நாம் மறக்கவில்லை. வாசலைச் சிமெண்டால் மூடியவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூடிய தளத்தின்மேல் பூசியவனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அந்தத் தளம் தானாகவே வெடித்து, 'என்னை எடுத்துவிடு' என்று கேட்கிறது. எடுத்தால் வண்டிச் சக்கரம் போக இரண்டு பட்டைத் தளமும், மிச்சம் மண்ணும், ஒரு செம்பருத்தியும் வைக்கலாம். நல்ல சமயம். அந்தச் சமயத்தில்தான் படப் புத்தகத்தோடு ஆள் வந்துவிடுகிறார்.

வரட்டும். அவரும் பிழைக்க வேண்டியவர்தான். அவர் தரும் எஸ்டிமேட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். பழைய தளத்தைக் கொத்திவிட என்ன கூலி, விரிசலின் காரணத்தைத் தீர்க்க என்ன செலவு, வாட்டம் பார்த்துச் சரிசெய்ய என்ன செலவு என்று மூன்று வரிகளைத் தேடுங்கள். கணக்கு வாத்தியாரின் தாளை நான் பார்த்தேன். அச்சு, வர்ணம், இரண்டாவது வர்ணம், மினுமினுப்பு என்று பதினோரு வரிகள் இருந்தன. அந்த மூன்றும் அதில் இல்லை. பத்தாவது வரியில் டீச் செலவு இருந்தது.