கரண்ட் இருந்தா தறி, போனா அமைதி!

எங்க ஊர் சோமனூர்ல தாளம் தெரியாத பிள்ளையே கிடையாது சார். தொட்டில்ல கிடக்கறப்பவே விசைத்தறி 'டடக்... டடக்...'னு பாடம் எடுத்துடும். அந்தத் தைரியத்துலதான் 2012-ல், பி.காம். முடிச்ச கையோடு நாங்க நாலு பேர் ராக் பேண்ட் ஆரம்பிச்சோம்.

ஒத்திகை, எங்க தறிப்பட்டறையை ஒட்டின குடோன்ல. அந்த வருஷத்து மின்வெட்டைக் கொங்கு மண்டலத்துல யாரும் மறந்திருக்க முடியாது. கரண்ட் இருந்தா தறி ஓடும், கிடார் காதுல விழாது. கரண்ட் போனா தறி நிக்கும், எலெக்ட்ரிக் கிடாரும் கூடவே நிக்கும்! ஆக, யாருமே கேட்காத பேண்ட் என்ற பெருமை எங்களுக்கு உண்டு.

டிரம்ஸ்காரன் திருப்பூர் பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட். பாடறவனுக்கோ வீட்ல பெண் பார்த்தாங்க.

"மாப்பிள்ளை என்னங்க பண்றாரு?"

"பேண்ட் வெச்சிருக்காருங்க."

"அப்ப முகூர்த்தத்துக்கு அவரே வாசிச்சுடுவாருங்களா?"

சம்பந்தம் போச்சு. கொஞ்ச நாள்ல பேண்டும் போச்சு. மிஞ்சினது தறித் தாளத்துல நாலு பேரும் சண்டை போட்டுப் பின்னிய ஒரு முக்கால் பாட்டு. 'வேலையும் பாட்டும் ஒத்துவராதுங்க'ன்னு பத்து வருஷமா எல்லார்கிட்டயும் தத்துவம் பேசிக்கிட்டிருந்தேன்.

அந்தத் தத்துவத்துக்கு வேட்டு வெச்சது பெங்களூர் 'அகம்' குழு. கர்நாடக ராகத்தை ராக் வாத்தியங்களோடு சேர்க்கிறவங்க. 2003-ல் தொடங்கினப்ப சாஃப்ட்வேர் வேலையும் கையுமா இருந்த ஆளுங்க. பாடவும் வயலின் வாசிக்கவும் செய்யற ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், அடோபி, கூகுள்னு டிசைன் வேலை பார்த்துக்கிட்டே மேடை ஏறினவர். 2007-ல் சன் டிவி போட்டியில, ஏ.ஆர்.ரஹ்மான் நடுவரா இருக்க, ஜெயிச்சாங்க. அதுக்காக வேலையைத் தூக்கிப் போட்டுடலை. முதல் ஆல்பம் 2012, அடுத்தது 2017.

பி.காம். புத்தி கணக்குப் போட்டுச்சு. முதல் ஆல்பத்துக்கு 9 வருஷம், அடுத்ததுக்கு 5. நாங்க ஒரு வருஷம்கூடத் தாங்கலை! சம்பளம் அரிசி வாங்கிட்டா, பாட்டு சோறு போட வேண்டியதில்லை. எவனுக்குப் பிடிக்குமோன்னு பயந்து மெட்டை மாத்தவும் வேண்டியதில்லை. பற்றுப் பக்கம் தூக்கமும் ஞாயித்துக்கிழமையும் எழுதணும், அவ்வளவுதான். நாங்க வேலையைக் குத்தம் சொன்னோம். உண்மையில கோட்டை விட்டது, வாரா வாரம் வந்து உட்கார்றதை.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். நூல் தூசியைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "இழை அறுந்தா முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டோணும் கண்ணு. நீங்க தறியவே எடைக்குப் போட்டுட்டீங்க."

சுருக்குன்னுது. டிரம்ஸ்காரனுக்குப் போன் போட்டேன். இப்ப அவன் சூப்பர்வைசர், ரெண்டு குழந்தைக்கு அப்பா.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறுலருந்து எட்டு. அந்த முக்கால் பாட்டை முடிச்சுடலாமா?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "வர்றேன்டா. ஆனா, தறிச் சத்தத்துல கேக்குமா?"

"நல்லாவே கேக்கும்டா. கூலி கட்டுபடியாகாம அப்பா பாதித் தறியை வித்துட்டாரு."

வர்ற ஞாயிறு வர்றான். தறி போட்ட தாளம் எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கு.