உடல்நலப் பக்கம்: சாரதிக்கு அருகில் இருப்பவர்

கார்ப் பந்தயம் என்றதும் வட்டப் பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடும் கார்களே பலருக்கு நினைவுக்கு வரும். ரலி என்பது வேறு. மக்கள் அன்றாடம் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் தார் வீதியைச் சில மணி நேரம் மூடி, கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு கட்டம் முடிந்ததும் சாதாரண வீதிச் சட்டப்படி அடுத்த கட்டத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1992இல் தொடங்கிய டார்கா தஸ்மேனியா இவ்வகையில் பெயர் பெற்றது. சிசிலித் தீவின் பழைய டார்கா ஃபுளோரியோவைப் பார்த்து உண்டாக்கப்பட்டது அது. ஐந்தாறு நாட்கள், ஏறத்தாழ 2000 கிலோமீற்றர், தீவைச் சுற்றிய ஓட்டம். குவீன்ஸ்டவுனுக்கு இறங்கும் தொண்ணூற்றொன்பது வளைவு வீதியை உல்லாசப் பயணமாகப் போனவர்கள் அறிவார்கள். அமைதியாகப் போனாலே அங்கு வயிற்றைப் புரட்டும்.

இக்காரில் இருவர் இருப்பார்கள். சாரதியின் பெயர் பத்திரிகையில் வரும். அருகில் இருப்பவரைத் துணைச் சாரதி என்கிறார்கள். அவர் போட்டிக் கட்டத்தில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, அவர் காலடியில் பிரேக்கும் இல்லை. வீதியைக்கூட அவர் அதிகம் பார்ப்பதில்லை. மடியில் உள்ள கொப்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருப்பார். “வலம் ஆறு, நூறு மீற்றர், மேடு, இடம் மூன்று, இறுகும், உள்ளே வெட்டாதே.” ஆறு என்றால் விரைவாக எடுக்கக்கூடிய வளைவு, எண் குறையக் குறைய வளைவு கடுமையாகும். போட்டிக்கு முன்பே இருவரும் சாதாரணக் காரில் மெதுவாகச் சென்று இந்தக் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொள்வார்கள். போட்டியன்று சாரதி வளைவுக்கு அப்பால் என்ன உண்டு என்பதைக் கண்ணால் அறிவதில்லை, காதால் அறிகிறார். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 50 மீற்றர் கழிந்துவிடும். ஒரு வரியைத் தவறவிட்டு இரண்டு செக்கன் தடுமாறினால் நூறு மீற்றர் குருட்டோட்டம்.

பாரதப் போரில் தேர் ஓட்டியவன் கண்ணன், வில்லெடுத்தவன் அர்ச்சுனன். இங்கே யோசனை சொல்பவர் கையில் கடிவாளம் இல்லை, வாய்ச்சொல் மட்டுமே உண்டு. அந்தச் சொல்லின் தொனியும் முக்கியம். கர்ணனின் தேரில் சல்லியன் இருந்து பேசிய பேச்சு என்ன செய்தது என்பதை அன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஓர் எழுத்தாளர். 1955ஆம் ஆண்டு மே முதலாம் திகதி இத்தாலியில் நடந்த மில்லே மிலியா ஓட்டத்தில் ஸ்டேர்லிங் மொஸ் மெர்சிடிஸ் பென்ஸ் காரை ஓட்டினார். பக்கத்தில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், மோட்டார்ப் பத்திரிகையாளர். அந்த ஓட்டம் ஒரே நாளில் முடிவது, ஆனால் தூரமோ ஏறத்தாழ 1600 கிலோமீற்றர். முன்கூட்டியே வீதியைப் பல தடவை ஓடிப் பார்த்து, வளைவுகளையெல்லாம் ஐந்து மீற்றருக்கும் நீளமான காகிதச் சுருளில் எழுதி, அதை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார் ஜென்கின்சன். திறந்த காரின் இரைச்சலில் குரல் எடுபடாது. ஆகவே கைச்சைகை. மேட்டுக்கு அப்பால் வீதி நேராக உண்டு என்று அவர் கை காட்டினால், மொஸ் அப்பால் எதையும் பார்க்காமலே 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அந்த மேட்டைத் தாண்டினார். 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் வெற்றி. அதே நிறுவனக் காரில் தனியாக ஓடிய மாபெரும் வீரர் ஃபாஞ்சியோ அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார்.

வழியில் ஜென்கின்சனுக்குக் குமட்டியது. காருக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபோது மூக்குக்கண்ணாடியைக் காற்று கொண்டுபோய்விட்டது. நல்லவேளையாக இன்னொரு சோடி வைத்திருந்தார்.

இந்தக் குமட்டலுக்குக் காரணம் வயிறு அல்ல. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்கள் உடல் திரும்புகிறது, ஆடுகிறது என்று மூளைக்கு அறிவிக்கின்றன. கொப்பியைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட, மூளை தடுமாறுகிறது. சாரதிக்கு இது வருவது அரிது, ஏனெனில் அடுத்த திருப்பம் எப்போது என்று அவருடைய உடலுக்கு முன்பே தெரியும். ஆகவே குமட்டும் பழக்கமுள்ளவர் முதலில் வாசிக்கக் கூடாது. துணைச் சாரதிக்கோ வாசிப்பதே வேலை. ஹையோசின் மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். ஆனால் அது கிட்டப் பார்வையை மங்கச் செய்யும், நாவை வறட்டும். ஒவ்வாமைக்கு எடுக்கும் பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். வாசிக்கவும் விழித்திருக்கவும் வேண்டியவருக்கு மருந்தே இடைஞ்சல். (கோயில் யாத்திரைக்கு பஸ்ஸில் போகும் பெரியோருக்கும் ஒரு வார்த்தை: சிலவகைக் கண் அழுத்த நோயும் சிறுநீர் தடைபடும் தொல்லையும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஹையோசின் எடுக்கக் கூடாது.)

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வேறு. குலுங்கும் காரில் சிறிய எழுத்தை வாசிக்க, அந்தத் தூரத்துக்கென்றே அளந்த கண்ணாடி வேண்டும். நெருப்புத் தாங்கும் தடித்த உடுப்புக்குள் நாள் முழுவதும் வியர்வை ஓடும். தண்ணீர் குடிக்க மறந்தால் தலையிடி, கவனக்குறைவு. நாளுக்கு நாள் தூக்கக் கடன் ஏறும். நேரக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் குறித்த நிமிடத்தில் அடைய வேண்டும், முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். அந்தக் கணக்கும் துணைச் சாரதியின் தலையில்தான்.

கார் மோதினால் என்ன நடக்கிறது? இடைவார்கள் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையை யாரும் பிடிப்பதில்லை. தலைக்கவசத்தின் பாரத்தோடு அது முன்னே பாய, மண்டையோட்டின் அடித்தளம் வெடிக்கலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் ஹபர்ட் இதற்காக ‘ஹான்ஸ்’ என்னும் தோள்பட்டைக் கவசத்தை உருவாக்கினார். தலைக்கவசத்தை அது இரு பட்டிகளால் பிணைத்து வைக்கும். 2001இல் அமெரிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் இவ்வகைக் காயத்தால் இறந்த பின்னரே அதன் அருமை பரவலாக உணரப்பட்டது.

ஆயினும் தார் வீதியில் பிழைக்கு இடம் குறைவு. பிடிமானம் அதிகம், ஆகவே வேகமும் அதிகம். ஓரத்திலேயே மரம், மின்கம்பம், மதில். 1957இல் அதே மில்லே மிலியாவில் டி போர்ட்டாகோவின் காரில் டயர் வெடித்து அவரும், உடனிருந்த எட்மண்ட் நெல்சனும், வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் மாண்டனர். அந்த வேகப் போட்டி அத்தோடு நின்றது. 1986 மே 2ஆம் திகதி கோர்சிக்காத் தீவின் ரலியில் முன்னணியில் நின்ற ஹென்றி டொய்வொனனும் துணைச் சாரதி சேர்ஜியோ கிரெஸ்டோவும் கார் பள்ளத்தில் வீழ்ந்து எரிந்து இறந்தனர். அந்த அதிவேகக் கார் வகையே அடுத்த ஆண்டிலிருந்து விலக்கப்பட்டது. தஸ்மேனியாவில் 2021இல் மூவரும் 2022இல் ஒருவரும் இறந்தனர். மூவரில் ஒருவர் துணைச் சாரதி. 2022இலேயே அவுஸ்திரேலிய மோட்டார் விளையாட்டு அமைப்பு இவ்வகைப் போட்டிகளுக்கு அனுமதியை நிறுத்தியது. அது சரியான முடிவே. ஓடுபவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர், வார இறுதியில் ஆசையைத் தீர்க்க வரும் குடும்பத்தவர்கள். அவர்களின் காரோ தொழில் வீரருடையதற்கு நிகரான வேகம் கொண்டது.

இங்கே துணைச் சாரதியின் கடமைகளில் ஒன்று கொப்பியில் எழுதப்படாதது. சாரதிக்குக் காய்ச்சல், இரவு தூங்கவில்லை, முந்தின கட்டத்தில் தோற்ற ஆத்திரம், இவை அடுத்த ஆசனத்தில் இருப்பவருக்கே முதலில் தெரியும். “இன்று மெதுவாக” என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் பெரிய வைத்தியரின் கை தளர்வதை முதலில் காண்பவர் பக்கத்தில் நிற்கும் தாதி. அவர் வாய் திறக்கத் துணியாத கூடங்களில் நோயாளிகள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். கணவன் ஓட்ட மனைவி வாசிக்கும் காரிலும், தந்தை ஓட்ட மகன் வாசிக்கும் காரிலும் இந்தச் சொல் இன்னும் கடினமானது. அதைச் சொன்னால் கேட்கும் சாரதிதானா என்பதை முதல் கட்டத்துக்கு முன்னரே, வீட்டு மேசையில் வைத்துப் பேசி அறிந்துகொள்வது நல்லது. கேளாதவர் எனத் தெரிந்தால் அந்த ஆசனத்தில் ஏறாமல் விடலாம். நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.