நீர்க்கடுப்புக்குச் சரியான மருந்து, அன்றைக்கே, அருகிலேயே

பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்று குறித்த எங்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

நிலைப்பாட்டின் சாரம்

சிறுநீர்த் தொற்றுக்குச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதை நிறுத்த வேண்டும். அதே வேளையில், எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு அரசு நலவாழ்வு மையத்திலேயே, அன்றைக்கே, சரியான மருந்து கிடைக்க வழி செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் சுமை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

வேறு சிக்கல் இல்லாத, கர்ப்பமாக இல்லாத, வயதுவந்த பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை அளவில் நின்றுவிடும் தொற்றையே இங்கே குறிப்பிடுகிறோம். பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் காரணம் குடலில் இயல்பாக வாழும் இ.கோலை பாக்டீரியா. பெண்ணின் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் கிருமி எளிதில் மேலேறிவிடுகிறது. தாம்பத்திய உறவை ஒட்டி இது வருவது உண்டு. ஆனாலும் இது பால்வினை நோய் அன்று. சுத்தக்குறைவுக்கோ நடத்தைக்கோ சான்றும் அன்று. இந்தச் சந்தேகப் பார்வைக்கு அஞ்சியே புதிதாக மணமான பெண்கள் பலர் வாய் திறப்பதில்லை.

கண்டறிதல்: கேட்டாலே பாதி தெரியும்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உந்துதல், அடிவயிற்றில் வலி, சில நேரம் சிறுநீரில் இரத்தம்: இவை முக்கிய அறிகுறிகள். எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்திருந்து, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லையென்றால், தொற்றாக இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. முதல் முறை வரும் எளிய தொற்றுக்குக் கல்ச்சர் சோதனை கட்டாயமில்லை. வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், மருந்தும் வேறு.

கீழ்க்காண்பவர்கள் சிக்கலற்ற வகையில் சேரமாட்டார்கள். மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்:

• காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி உள்ளவர்கள்
• கர்ப்பிணிகள்
• சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு, கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள்
• மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் தணியாதவர்கள், குணமாகிச் சில வாரங்களில் மீண்டும் வந்தவர்கள்

அறிகுறி எதுவுமில்லாமல், முழு உடல் பரிசோதனை அறிக்கையில் ‘பஸ் செல்ஸ்’ (சீழணுக்கள்) என்ற வரியைப் பார்த்து மட்டும் ஆன்டிபயாடிக் எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைச் சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்களும் இதற்கு விலக்கு. மற்றவர்களுக்கு, மூதாட்டிகளுக்கும்கூட, அறிகுறியில்லாத கிருமியை விரட்ட மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை. எதிர்ப்புள்ள கிருமி வளர்வதுதான் மிச்சம்.

மருந்து: பழையதே முதலில்

முதல் தேர்வு நைட்ரோஃபுரான்டாயின். 1950களிலிருந்தே புழக்கத்தில் உள்ள இம்மருந்து இரத்தத்தில் அதிகம் தங்காமல் சிறுநீரில் செறிகிறது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது பொருந்துவதும், சிறுநீரகம்வரை ஏறிவிட்ட தொற்றுக்குப் பயன்படாமல் போவதும் இதனால்தான். மெதுவாகக் கரையும் 100 மி.கி. வடிவத்தில், நாளுக்கு இருவேளை, உணவோடு, 5 நாள். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. இரண்டாவது தேர்வு, 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொடியைத் தண்ணீரில் கலந்து ஒரே வேளையாகக் குடிப்பது.

கடைகளில் நடப்பது வேறு. “யூரின் போகும்போது எரியுது” என்று தாழ்ந்த குரலில் சொன்னால், அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அது நார்ஃப்ளாக்சசினாகவோ ஒஃப்ளாக்சசினாகவோ செஃபிக்சிமாகவோ இருக்கும். முதல் இரண்டும் சேர்ந்த மருந்துக் குடும்பத்தை, வேறு வழியுள்ள எளிய சிறுநீர்த் தொற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016இல் எச்சரித்தது. தசைநாண்களையும் நரம்புகளையும் மனநிலையையும் அவை பாதிக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நைட்ரோஃபுரான்டாயின் தாராளமாக அணுகத்தக்க பிரிவில் இருக்கிறது. மேற்சொன்ன மூன்றும் கண்காணிப்புப் பிரிவில் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், சிறுநீரில் வளர்ந்த இ.கோலையில் பெரும்பான்மை, ஃப்ளாக்சசின் குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படுவதில்லை, நைட்ரோஃபுரான்டாயினுக்குக் கட்டுப்படுகிறது. அவை பெரிய மருத்துவமனைகளின் மாதிரிகள் என்பதால், ஊரில் வரும் எளிய தொற்றில் எதிர்ப்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் முதல் மருந்து எது என்ற முடிவு மாறாது.

எரிச்சல் தணிய மாத்திரையோடு சிட்ரேட் சிரப்பும் சேர்த்துத் தரும் வழக்கம் உண்டு. அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும்; நைட்ரோஃபுரான்டாயினோ அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். எனவே இரண்டையும் ஒன்றாகத் தரக் கூடாது. இளநீரும் பார்லித் தண்ணீரும் இதமாக இருக்கும், குடிக்கலாம். உடம்புச் சூடு என்று எண்ணி, காய்ச்சல் வந்த பிறகும் அவற்றையே நம்பியிருப்பதுதான் ஆபத்து.

கடைக்குப் பூட்டு போட்டால் போதுமா?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இம்மருந்துகள் எல்லாமே சீட்டுக்குத்தான் விற்கப்பட வேண்டியவை. செஃபிக்சிம் 2014 மார்ச் 1 முதல் ‘எச்1’ பட்டியலில் உள்ளது; வாங்கியவர் பெயரையும் எழுதித் தந்த மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்கத் தேசியத் திட்டம் வேண்டும் என்று 2012இல் குரல் கொடுத்த ‘சென்னைப் பிரகடனம்’ நம் ஊரில் பிறந்தது. கேரளம் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர் சோதனையைத் தொடங்கியது. அந்த உறுதியை வரவேற்கிறோம். தமிழ்நாட்டிலும் அது வேண்டும்.

ஆனால் பெண்கள் ஏன் கடைக்குப் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநோயாளர் நேரமும் வேலை நேரமும் மோதுகின்றன. மருத்துவரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். வரிசையில் நின்று எல்லார் காதிலும் விழ உபாதையைச் சொல்லவும் கூச்சம். கடை அருகில் இருக்கிறது, இரவிலும் திறந்திருக்கிறது. அதை மட்டும் அடைத்தால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சிலருக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி இறுதியிலிருந்து, 16 முதல் 64 வயதுவரையுள்ள பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு, வகுக்கப்பட்ட நெறிமுறையின்படி மருந்தாளுநரே நைட்ரோஃபுரான்டாயின் தரலாம். அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர நாங்கள் கேட்கவில்லை. இங்கே கவுண்டரில் நிற்பவர் பல நேரங்களில் மருந்தாளுநரே அல்லர். ஆனால் துணை சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். மேலே தந்த பட்டியலைக் கேள்விகளாகக் கேட்டு, எதற்கும் ‘ஆம்’ என்ற பதில் வராத பெண்ணுக்கு, மருத்துவரின் நிலையான ஆணையின்கீழ் 5 நாள் மருந்தை அவர்கள் தரலாம். செவிலியர் கொடுத்தால் ஆன்டிபயாடிக் பயன்பாடு பெருகாதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: இப்போதே கொடுக்கப்படுகிறது, கேள்வி கேட்காமல், தவறான மருந்து, அரைகுறை அளவில்.

மீண்டும் மீண்டும் வந்தால்

ஆறு மாதத்தில் 2 முறையோ ஆண்டில் 3 முறையோ வந்தால் கல்ச்சர் சோதனையும் மருத்துவ ஆலோசனையும் தேவை. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொற்றைக் குறைக்கிறது. குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி தொற்றுக்கு ஆளான 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. நாளுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டில் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. துணிக்கடையிலும் தையல் ஆலையிலும் வேலை செய்பவர், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால்தான் குடிக்காமல் இருக்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. கழிப்பறை இடைவேளையும் அதே வரிசையில் வரவேண்டிய உரிமை.

எங்கள் கோரிக்கைகள்

1. துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நைட்ரோஃபுரான்டாயின் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். செவிலியர் வழங்குவதற்கான நெறிமுறையைச் சுகாதாரத் துறை முதலில் சில மாவட்டங்களில் நடத்திப் பார்த்து, முடிவுகளை வெளியிட வேண்டும்.

2. சீட்டில்லா விற்பனை மீதான சோதனையை இந்த ஏற்பாட்டோடு சேர்த்தே கடுமையாக்க வேண்டும்.

3. எளிய தொற்றுக்கு ஃப்ளாக்சசின் வகையையும் செஃபிக்சிமையும் முதல் மருந்தாக எழுதுவதை மருத்துவர்கள் கைவிட வேண்டும்.

4. ஊர்ப்புறத் தொற்றுகளின் மருந்து எதிர்ப்புத் தரவைத் தனியே திரட்டி, ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். அந்தத் தரவு வேறு மருந்தைக் காட்டினால், முதல் தேர்வு குறித்த எங்கள் நிலைப்பாட்டையும் திருத்திக்கொள்வோம்.

5. பெண்கள் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும், கேட்காமலே போய்வரும் உரிமையும் இருப்பதைத் தொழிலாளர் துறை ஆய்வுகளில் சரிபார்க்க வேண்டும்.