எலும்பை ஒட்டவும் ஆள் வேண்டும்

டைனோசர் என்றால் நம் பிள்ளைகளுக்கு முழு உருவம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து அப்படி முழுசாக எதுவும் எழுந்து வருவதில்லை. பெரும்பாலும் நொறுங்கிய துண்டுகள்தான் வரும். கண்டுபிடித்தவர் பெயர் செய்தியில் வருகிறது. துண்டுகளை ஒன்றுசேர்த்தவர் பெயர் வருவதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து.

நான் வசிக்கும் சிகாகோவில், ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 'சூ' என்ற டைரனோசரஸ் ரெக்ஸ் நிற்கிறது. 1990-ல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது. 1997-ல் ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இந்த விலை பலருக்குத் தெரியும். பாறையைச் சுரண்டி, எலும்பைச் சுத்தம் செய்து தயாராக்க 25,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை தோண்டும் இடத்திலேயே தொடங்கிவிடும். எந்த எலும்பு எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு, எண் கொடுப்பார்கள். பிறகு ஈரக் காகிதம் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத்துணி. கால் முறிஞ்சவனுக்குக் கட்டுப் போடுற மாதிரிதான். ஆய்வகத்தில் ஒட்டும்போதும், அசிட்டோனில் கரையக்கூடிய பசையையே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நாளைக்கு ஒருவர் 'இது தப்பு' என்று நிரூபித்தால் பிரித்து மாட்ட வேண்டுமே! மென்பொருள்காரனான எனக்கு இது நன்றாகப் புரிகிறது. பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

சூவுக்கு அதுவே நடந்தது. எப்படிப் பொருத்துவது என்ற சந்தேகத்தால் 2000-ல் வயிற்று விலா எலும்புகளை மாட்டவில்லை. 2018-ல் மொத்த உருவத்தையும் பிரித்து, அவற்றையும் சேர்த்து மறுபடி நிறுத்தினார்கள். உடம்பில் இருக்கும் தலை நகல். கனமான அசல் தலை தனிப் பெட்டியில் இருக்கிறது. அதை மறைக்கவும் இல்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1987-ல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவு. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்புகள் இன்று இல்லை, சிதைந்துபோய்விட்டன. மிஞ்சியவை சில படங்களும் வரைபடங்களும்தான். அது கல்லாகிப்போன மரமோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எலும்பைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க நம்மிடம் வழியில்லை.

அன்றைக்குத் தோண்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பொடியாகும் எலும்பைக் காப்பாற்றத் தனிப் பயிற்சியும் பொருளும் வேண்டும். ஆனால் 1987-ல் சொன்ன அதே காரணத்தை இனிமேலும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அரியலூரில் இன்று புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது; சந்தோஷம். அடுத்த தேவை எலும்பைக் கட்டவும் ஒட்டவும் தெரிந்த கைகள். வெளிநாட்டுத் தமிழர்களாகிய நாம் ஊருக்குக் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. ஆனால் பெயர்ப்பலகை மாட்டக்கூடிய கட்டடமாகவே தேடிக் கொடுக்கிறோம். டியூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைத்த கதைதான். அரியலூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் செலவு செய்வோமே. அதற்குக் கல்வெட்டு கிடைக்காது. ஆனால் அடுத்த எலும்பு கிடைக்கும்போது அது பொடியாகாமல் நம் பேரப்பிள்ளைகள் வரை வந்து சேரும்.